மாநகராட்சியின் கவனக்குறைவால் காயமடைந்தவர் இழப்பீடு கோருவது எப்படி

மூடியில்லாத மழைநீர் வடிகாலில் விழுந்து கால் முறிந்தவரிடமும், சாலையோர மரம் சாய்ந்து கணவரைப் பறிகொடுத்தவரிடமும் அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "கவர்மெண்ட் மேல கேஸ் போட முடியுமா?" என்பதாகவே இருக்கிறது. போட முடியும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய எதற்கும் நம் நாட்டில் உடற்காய வழக்குகளிலிருந்து முழு விலக்கு கிடையாது. அவற்றுக்கு இருப்பது, நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்குச் சட்டம் தரும் ஓரளவு பாதுகாப்பும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காமல் வழக்குத் தொடரக் கூடாது என்ற நிபந்தனையும், சாதாரண வழக்குகளைவிட மிகக் குறுகிய காலக் கெடுவும்தான். இவற்றை அறியாமல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று காத்திருந்துவிட்டு வருகிறவர்களுக்கு, இல்லாத விலக்குரிமை இருப்பதைப் போலவே ஆகிவிடுகிறது. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது; சட்டப் பின்னணி இந்தியா முழுவதற்கும் பொதுவானது. விபத்து நேற்றோ இன்றோதான் நடந்தது என்றால், அடுத்த பகுதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் ஆதாரம் சேர்ப்பது பற்றிய பகுதிக்குச் செல்லுங்கள்.

விலக்குரிமை எவ்வளவு தூரம் செல்லும்

அரசின்மீது வழக்குத் தொடரும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 300ஆம் பிரிவிலிருந்து வருகிறது. அந்தப் பிரிவு புதிதாக எதையும் சொல்லாமல், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அரசுக்கு எந்த அளவுக்குப் பொறுப்பு இருந்ததோ அந்த அளவுக்கு இன்றும் உண்டு என்கிறது. ஆகவேதான் 1861ஆம் ஆண்டு கல்கத்தாவில் சொல்லப்பட்ட ஒரு தீர்ப்பு இன்றுவரை பேசப்படுகிறது. கிதர்பூர் கப்பல் பட்டறை அருகே அரசுப் பணியாளர்கள் ஓர் இரும்புத் துண்டைக் கவனக்குறைவாகச் சுமந்து சென்றதில் பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல் கப்பல் நிறுவனத்தின் வண்டிக் குதிரை காயமடைந்தது. தனியார் எவரும் நடத்தக்கூடிய தொழிலை அரசு நடத்தும்போது தனியாரைப் போலவே பொறுப்பேற்க வேண்டும் என்றும், அரசு மட்டுமே செய்யக்கூடிய, இறையாண்மை சார்ந்த பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்றும் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் தலைமையிலான நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. 1962இல் ராஜஸ்தானில் ஆட்சியரின் ஜீப்பை ஓட்டிய டிரைவரின் கவனக்குறைவுக்கு மாநில அரசு பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964இல் கஸ்தூரிலால் வழக்கில், போலீஸார் கைப்பற்றிய தங்கம் காவல் நிலையத்திலிருந்தே களவுபோனபோது, அது இறையாண்மைப் பணி என்று கூறி அரசை விடுவித்தது. 1994இல் நாகேந்திர ராவ் வழக்கில் அந்தப் பழைய பிரிவினையின் பெரும்பகுதியை உச்ச நீதிமன்றமே தகர்த்துவிட்டது; போர், வெளியுறவு, நீதி வழங்கல் போன்ற விலக்க முடியாத பணிகளைத் தாண்டி விலக்குரிமை பேச இடமில்லை என்பது அதன் சாரம்.

இதில் நமக்கு முக்கியமானது ஒன்றுதான். சாலை போடுவதும் வடிகால் மூடி வைப்பதும் தெருவிளக்கு எரியவைப்பதும் எந்த அளவுகோலிலும் இறையாண்மைப் பணிகள் ஆகா. மேலும் மாநகராட்சி என்பது தன் பெயரிலேயே வழக்குத் தொடரவும் தன்மீது வழக்குத் தொடரப்படவும் கூடிய தனிச் சட்ட அமைப்பு. ஆகவே "இறையாண்மை விலக்கு" என்று பதில்மனுவில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு எவரும் வழக்கைக் கைவிட வேண்டியதில்லை.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளாட்சிச் சட்டங்களில் நல்லெண்ணத்துடன் செய்த எதற்கும் வழக்குத் தொடர முடியாது என்ற வகையில் ஒரு பிரிவு இருப்பது வழக்கம். 1897ஆம் ஆண்டின் மத்தியப் பொதுக் கூறுகள் சட்டத்தின்படி, கவனக்குறைவாகச் செய்திருந்தாலும் நேர்மையாகச் செய்திருந்தால் அது நல்லெண்ணச் செயலே. குற்றவியல் சட்டமோ உரிய கவனம் இல்லாத செயலை நல்லெண்ணமாக ஏற்பதில்லை. இந்த வேறுபாடு பாதிக்கப்பட்டவருக்குப் பாதகமானது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆகவே உங்கள் நோட்டீஸும் மனுவும் எந்த அதிகாரியின் நேர்மையையும் குறைகூறுவதில் நேரம் செலவிடாமல், அந்த அமைப்புக்கு ஆபத்து தெரிந்திருந்தது, தெரிந்தும் நாள்கணக்கில் எதுவும் செய்யவில்லை என்பதைக் காட்டுவதில் கவனம் வைக்க வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டெல்லி சாந்தினி சவுக்கில் மாநகராட்சியின் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்தனர். அந்தக் கட்டடத்துக்கு 80 வயது. அதில் பயன்படுத்திய சாந்தின் தன்மையைப் பார்த்தால் அதன் ஆயுள் 40 முதல் 45 ஆண்டுகள்தான். இடிபாடுகளைப் பார்த்தபோது சாந்து பொடியாகிப் போயிருந்தது. 1966இல் நீதிமன்றம், பரபரப்பான சாலையோரத்தில் மாநகராட்சியின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்த கட்டடம் தானாக விழுந்ததே கவனக்குறைவைப் பேசுகிறது, வெளியே தெரியாத குறை என்று சொல்லித் தப்ப முடியாது என்று கூறி இழப்பீட்டை உறுதி செய்தது. ஆனால் ராஜ்கோட்டில் சாலையோர மரம் திடீரென விழுந்து அலுவலகத்துக்கு நடந்து சென்றவர் இறந்த வழக்கில், 1997இல் அதே நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்கள் வழங்கிய இழப்பீட்டை நீக்கியது. அந்த மரம் பட்டுப்போனது, விழும் நிலையில் இருந்தது, அது மாநகராட்சிக்குத் தெரியும் என்பதற்கான சான்று இல்லை. ராஜ்கோட் தீர்ப்பு அந்தக் குடும்பத்துக்குக் கடுமையானது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அது இன்றும் ஒவ்வொரு மாநகராட்சி வக்கீலின் கையிலும் இருக்கும் தீர்ப்பு. அதற்குப் பதில் சொல்லும் காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதல் சில நாட்களில் சேர்க்க வேண்டியவை

அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்போது பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் இரண்டு வரிகளே வழக்கின் முதல் ஆவணம். இதைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது, பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று உடன் வந்தவர் சொல்ல, "தானாகக் கீழே விழுந்தது" என்று பதிவாகிவிடுகிறது. பிறகு அந்த மூன்று சொற்களை எதிர்த்தே முழு வழக்கையும் நடத்த வேண்டிவரும். எந்தத் தெருவில், எந்த இடத்துக்கு எதிரில், எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளத்தில் அல்லது எந்தத் திறந்த மேன்ஹோலில் விழுந்தார் என்பதைச் சொல்லி அப்படியே எழுதச் செய்யுங்கள். மருத்துவமனை மாறினாலும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே விவரம் பதிவாக வேண்டும்.

அன்றே ஒருவரை விபத்து நடந்த இடத்துக்கு அனுப்புங்கள். செய்தி பரவிய சில மணி நேரத்தில் பள்ளத்தில் ஜல்லி கொட்டப்படும், வடிகாலுக்குப் புது மூடி வந்துவிடும், விழுந்த மரம் அறுக்கப்பட்டுவிடும். பள்ளத்தின் ஆழமும் அகலமும் தெரியும்படி ஓர் அளவு நாடாவை வைத்துப் படம் எடுக்க வேண்டும்; அருகிலுள்ள கடையின் பெயர்ப்பலகையோ மின்கம்ப எண்ணோ தெரியும்படி தூரத்திலிருந்தும் எடுக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் இல்லை என்பதையும், தெருவிளக்கு எரியவில்லை என்றால் இரவில் அந்த இருட்டையும் பதிவு செய்ய வேண்டும். மரமாக இருந்தால் அடித்தண்டின் வெட்டுப்பகுதியை, குறிப்பாகச் செல்லரித்த இடத்தையும் உள்ளே பொந்து விழுந்த இடத்தையும் படம் எடுங்கள். ராஜ்கோட் வழக்கில் இல்லாமல் போன சான்று அதுதான். படம் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் தரம் குறைந்துவிடும் என்பதோடு, 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருப்பதால், எடுத்தவரும் எடுத்த கருவியும் கையில் இருப்பது அவசியம். அருகிலுள்ள கடைகளில் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அதை உடனே கேட்டு வாங்க வேண்டும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து குறைந்தபட்சம் புகார் பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது பெறுங்கள். உயிரிழப்பு நேர்ந்திருந்தால் எஃப்.ஐ.ஆர்., பிண விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை மூன்றும் தேவை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதையும், 125ஆம் பிரிவு பிறர் பாதுகாப்புக்கு ஊறு விளைவிப்பதையும் குற்றமாக்குகின்றன. குற்ற வழக்கு முடியும்வரை இழப்பீட்டு வழக்குக்குக் காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது.

இனி, என் பார்வையில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ள சான்று: விபத்துக்கு முன்பே யாராவது அந்த ஆபத்தைப் பற்றிப் புகார் செய்திருந்தார்களா என்பது. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணிலும், மாநிலம் முழுவதும் முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணிலும் தெருவாசிகள் கொடுக்கும் புகார்களுக்குப் பதிவெண் தரப்படுகிறது. தெருவில் வீடுவீடாகக் கேட்டுப்பாருங்கள். யாருடைய போனிலாவது அந்தக் குறுஞ்செய்தி இருக்கக்கூடும். கவுன்சிலரிடம் கொடுத்த மனு, குடியிருப்போர் சங்கத்தின் கடிதம், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த படம், எல்லாம் உதவும். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். அந்தச் சாலையை அல்லது வடிகாலைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, கடைசியாக எப்போது பணி நடந்தது, ஒப்பந்ததாரர் யார், பணி ஆணையின் நகல், கடந்த ஓராண்டில் அந்த இடம் பற்றி வந்த புகார்களும் அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையும், விபத்துக்குப் பின் பொறியாளர் கொடுத்த ஆய்வறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். ஏன், எதற்கு என்ற விளக்கக் கேள்விகளைத் தவிர்த்து ஆவணங்களின் நகல்களை மட்டும் கேட்டால், மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் இந்தப் பதிலுக்காக நோட்டீஸைத் தள்ளிப்போட வேண்டாம்.

யார் பொறுப்பு என்பதைக் கண்டுபிடித்தல்

இது எளிதாகத் தோன்றும், எளிதல்ல. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாள சாக்கடையின் மேன்ஹோல் குடிநீர் வாரியத்துடையது. இரண்டு மூடிகளும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும். அண்ணா சாலை நெடுஞ்சாலைத் துறையிடமும், ராஜீவ் காந்தி சாலை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடமும் உள்ளன. மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டிய பள்ளத்துக்கு மெட்ரோ நிறுவனமும் அதன் ஒப்பந்ததாரரும் பதில் சொல்ல வேண்டும். அறுந்து கிடந்த மின்கம்பி என்றால் மின்வாரியம். இதில் பாதிக்கப்பட்டவர் நிலை மிக வலுவானது, ஏனெனில் ஆபத்தான பொருளைக் கையாள்பவர் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பாவார் என்று, மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த கம்பியில் சைக்கிளில் வந்தவர் இறந்த மத்தியப் பிரதேச வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மாநகராட்சியின் குப்பை லாரி மோதியிருந்தால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி தேவைப்படாது: அது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும் வழக்கு, அங்கே விலக்குரிமைப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு அங்கும் ஆறு மாதக் கெடு உண்டு.

சந்தேகம் இருந்தால் எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். "அது எங்கள் சாலை அல்ல" என்று ஒரு துறை எழுதிக்கொடுத்தால் அதுவும் ஒரு சான்றே. ஒப்பந்ததாரர்மேல் பழியைத் தள்ளுவது அடுத்து வரும் பதில்; ஒப்பந்ததாரரையும் வழக்கில் சேர்த்துக்கொண்டு, பொதுமக்கள் நடக்கும் இடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் கடமையை ஒப்பந்தம் போட்டு வேறொருவரிடம் தள்ளிவிட முடியாது என்று வாதிட வேண்டும். மாறாக, தனியார் கட்டடத்தில் நடந்த விபத்துக்கு, உரிமம் கொடுத்த ஒரே காரணத்துக்காக மாநகராட்சியைப் பொறுப்பாக்குவது மிகவும் கடினம். 1997இல் 59 பேர் இறந்த டெல்லி உபஹார் திரையரங்குத் தீவிபத்தில், இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து டெல்லி மாநகராட்சியையும் உரிமம் வழங்கிய காவல் துறையையும் 2011இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

நோட்டீஸும் காலக் கெடுவும்

மாநில அரசின் துறை எதிர்த்தரப்பாக இருந்தால், உதாரணமாக நெடுஞ்சாலைத் துறை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கட்டாயம். உள்ளாட்சி அமைப்புகளுக்கு அந்தந்தச் சட்டத்திலேயே தனி நோட்டீஸ் விதி இருக்கும். டெல்லி மாநகராட்சிச் சட்டம் இரண்டு மாத நோட்டீஸும் ஆறு மாதக் கெடுவும் விதிக்கிறது. மும்பை மாநகராட்சிச் சட்டம் ஒரு மாத நோட்டீஸும் ஆறு மாதக் கெடுவும் விதிக்கிறது. தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களுக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் 2023இல் வந்த விதிகளும், கிராமங்களுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் பொருந்தும். பழைய தீர்ப்புகளில் 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் பிரிவுகளும் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவுகளும் வரும். அவற்றை அப்படியே எடுத்து எழுதாமல், இப்போதுள்ள சட்டத்தின் பிரிவை வக்கீலைக் கொண்டு சரிபாருங்கள். இவை போதாதென்று, ஒரு சட்டத்தின்படி செய்த அல்லது செய்யாமல் விட்ட செயலுக்கான இழப்பீட்டு வழக்குக்கு ஓராண்டுக் கெடு விதிக்கும் 72ஆம் கூறு 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தில் இருக்கிறது. இறந்தவரின் குடும்பத்தார் 1855ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டத்தின்கீழ் தொடரும் வழக்குக்கு இரண்டாண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. எந்தக் கெடு பொருந்தும் என்று பிற்பாடு வாதாடிக்கொண்டிருப்பதைவிட, ஆறு மாதமே உங்கள் கெடு என்று முதல் நாளே முடிவு செய்துகொள்வது நல்லது. நோட்டீஸ் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று காலவரம்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்துக்குள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டால், பதிலுக்காக இரண்டு மாதம் காத்திருந்த பிறகும் வழக்கைத் தயார் செய்ய நேரம் இருக்கும்.

நோட்டீஸை ஆணையர் அல்லது நிர்வாக அலுவலர் பெயருக்கு, பதவியைக் குறிப்பிட்டு, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்பி, இன்னொரு பிரதியை அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். காயமடைந்தவரின் பெயர், வயது, முகவரி, விபத்து நடந்த நாள், நேரம், இடம், என்ன குறை இருந்தது, அது எத்தனை நாளாக இருந்தது, முன்பு யார் புகார் செய்தார்கள், என்ன காயம், இதுவரையான செலவு, கோரும் தொகை, எந்தக் கெடுவுக்குள் பதில் வேண்டும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தொகையைக் குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு கூட்டுவது சங்கடம். ஆகவே சிகிச்சை முடியவில்லை என்றால் "மேலும் ஏற்படும் செலவுக்கு உட்பட்டு" என்று தெளிவாக எழுதுங்கள்.

எங்கே செல்வது

வழக்கமான பாதை உரிமையியல் நீதிமன்றம். சாட்சிகளை விசாரிக்கவும் பொறியாளரைக் கூண்டில் ஏற்றவும் முடியும் என்பது அதன் பலம். காலம் எடுக்கும் என்பதும், கோரும் தொகையில் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம் என்பதும் அதன் சுமை. கட்டணம் கட்ட வழியில்லாதவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளையின்படி வறியவராக வழக்குத் தொடர அனுமதி கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் போதும்.

பலரும் அறியாத இன்னொரு வழி, நிரந்தர மக்கள் நீதிமன்றம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 22ஏ பிரிவு, குடிநீர், மின்சாரம், துப்புரவு ஆகியவற்றைப் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளாக வகைப்படுத்துகிறது. எனவே திறந்த சாக்கடை தொடர்பான பிணக்கை அங்கே கொண்டுசெல்ல வாதம் உண்டு. கட்டணம் இல்லை, சமரசம் ஏற்படாவிட்டால் தானே தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வேறு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே அங்கே செல்ல வேண்டும். சமரசம் செய்ய முடியாத குற்றம் தொடர்பான விவகாரத்தை அது எடுத்துக்கொள்ளாது என்பதால், எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் முதலில் வக்கீலிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மூன்றாவது வழி, அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஒடிசாவில் போலீஸ் காவலில் ஒரு மகனை இழந்த தாய்க்கு 1993இல் 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்கிய உச்ச நீதிமன்றம், வாழும் உரிமை மீறப்பட்டதற்காகக் கேட்கும் இழப்பீட்டுக்கு இறையாண்மை விலக்கு குறுக்கே நிற்காது என்று தெளிவாகச் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், சாலைப் பள்ளத்தாலும் திறந்த மேன்ஹோலாலும் இறந்தோர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தோருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும் உள்ளாட்சி அமைப்புகள் வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அது மகாராஷ்டிரத்துக்கானது, சென்னையிலும் மதுரைக் கிளையிலும் அதை எடுத்துக்காட்டலாம், கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ரிட் மனுவில் சாட்சி விசாரணை இல்லை. எப்படி நடந்தது என்பதிலேயே தகராறு இருந்தால் ரிட் பொருந்தாது என்று, தமிழ்நாடு மின்வாரியம் தொடர்பான வழக்கிலேயே 2000இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. போலீஸ் அறிக்கையும் மாநகராட்சியின் சொந்த அறிக்கையும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்; அப்படியானால் ரிட், இல்லையென்றால் உரிமையியல் வழக்கு.

எவ்வளவு கேட்பது

நீதிமன்றங்கள் மோட்டார் வாகன வழக்குகளில் வகுத்த கணக்கைத்தான் இங்கும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்த 38 வயதுக் கொத்தனார் இறந்து, மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 25,200, அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 18,900, ஆண்டுக்கு 2,26,800, 36 முதல் 40 வயதுக்கான பெருக்கல் எண் 15 என்பதால் 34,02,000 ரூபாய். இறுதிச் சடங்கு, உறவிழப்பு ஆகியவற்றுக்கான தொகை தனி. இதற்கு நீதிமன்றக் கட்டணம் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதால்தான், முன்பு சொன்ன வறியவர் அனுமதியும் மக்கள் நீதிமன்றமும் இத்தகைய குடும்பங்களுக்கு இன்றியமையாதவை ஆகின்றன.

காயத்தோடு பிழைத்தவருக்கு ஊனச் சான்றிதழில் உள்ள விழுக்காட்டை விட, அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதித்தது என்பதே முக்கியம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இடக்கை இழந்த எழுத்தர் வேலையில் தொடரலாம். டிரைவரோ தச்சரோ வருமானம் முழுவதையும் இழக்கக்கூடும். ஆகவே செய்த தொழிலுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம் தேடுங்கள்: நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கு, வேலை கொடுத்த மேஸ்திரியின் சாட்சியம். மருந்துக் கடை ரசீதுகளை நாள்வாரியாக ஒட்டி வையுங்கள். வெயிலில் எழுத்து மங்கும் ரசீதுகளை உடனே நகல் எடுங்கள்.

எதிர்த்தரப்பு சொல்லக்கூடியவை

பணம் இல்லை என்பது அடிக்கடி வரும் பதில். ரத்லாம் நகராட்சி இதையே சொன்னபோது, 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. அது வடிகால் அமைக்கச் சொன்ன உத்தரவு, இழப்பீட்டு வழக்கன்று; என்றாலும் கடமையைச் செய்யாததற்கு நிதிப் பற்றாக்குறை காரணமாகாது என்ற கருத்துக்கு அதைக் காட்டலாம். ஹெல்மெட் அணியவில்லை, வேகமாக வந்தார், குடித்திருந்தார் என்பவை இன்னும் ஆபத்தான வாதங்கள்; உண்மையாக இருந்தால் இழப்பீடு அந்த அளவுக்குக் குறையும், முழுவதும் போய்விடாது. கால் முறிவுக்கு ஹெல்மெட் இல்லாதது காரணமாக முடியாது என்ற எளிய உண்மையைக்கூட எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். எதிர்பாராத கனமழை, இயற்கைச் சீற்றம் என்று சொன்னால், வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருவது என்பதையும், வடிகால் பணி எத்தனை மாதமாகத் திறந்தே கிடந்தது என்பதையும் ஆவணத்தோடு காட்டுங்கள்.

இடையில், முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து உதவி அறிவிக்கப்படலாம். அதைப் பெற்றுக்கொள்வதால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. பின்னால் வரும் தொகையில் அதை நீதிமன்றம் கழித்துக்கொள்ளக்கூடும், அவ்வளவுதான். ஆனால் ஒப்பந்ததாரரின் ஆள் வீட்டுக்கு வந்து ரொக்கம் கொடுத்து வெற்றுத் தாளிலோ முத்திரைத் தாளிலோ கையெழுத்துக் கேட்டால், துக்கத்தின் நடுவில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மரண வழக்கில் யார் வாதி ஆகலாம் என்பதையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். 1855ஆம் ஆண்டுச் சட்டம் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்காகவே வழக்கை அனுமதிக்கிறது. இறந்தவரை நம்பி வாழ்ந்த தங்கைக்கு அதில் இடமில்லை. வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் விரைவாகப் பெறுங்கள். சிறுவர்கள் இருந்தால் காப்பாளர் மூலம் அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். அவர்களுடைய பங்கை வயது நிறையும்வரை வங்கியில் வைப்பாக வைக்க நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம், படிப்புச் செலவுக்கு வட்டியை எடுத்துக்கொள்ளத் தனியாக மனுச் செய்யலாம். தீர்ப்புக்குப் பிறகு மாநகராட்சி மேல்முறையீடு செய்தால், தடை ஆணை கேட்கும் முதல் நாளன்றே உங்கள் வக்கீல் ஆஜராகி, தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியையாவது நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையைக் கேட்க வேண்டும். தடை இல்லை, பணமும் வரவில்லை என்றால் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்து மாநகராட்சியின் வங்கிக் கணக்கை முடக்கக் கோரலாம். அதற்கு 12 ஆண்டுகள்வரை காலம் உண்டு.